பேச்சு வராத பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது?

2025 செப்டம்பர் 22-ந் தேதி வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கர்ப்பிணிகள் காய்ச்சலுக்கும் வலிக்கும் சாப்பிடுகிற பாராசிட்டமால் மாத்திரைக்கும், பிறக்கும் குழந்தைக்கு ஏற்படும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அந்த எச்சரிக்கை. உலகமெங்கும் அது பரபரப்பாகப் பேசப்பட்டது. தலைவலிக்கு மாத்திரை போட்ட தாய்மார்கள் எல்லாம், "நம்மால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றோ" என்று கலங்கினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இரண்டு நாட்களில் பதில் கூறியது. அப்படி ஒரு தொடர்பை உறுதி செய்யும் சான்று இல்லை என்று அது தெரிவித்தது. சுவீடன் நாட்டில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளின் பதிவுகளைப் பரிசீலித்த ஓர் ஆராய்ச்சி 2024-ல் வெளியாகியிருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு.

இப்படி ஒரு புயல் கிளம்புவது இது முதல் தடவையல்ல. 1998-ல் லண்டனில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசி மீது பழி சுமத்தியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010-ல் அதை வாபஸ் பெற்றது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2019-ல் வெளியான ஆராய்ச்சியும் தடுப்பூசிக்கு இதில் பங்கில்லை என்று காட்டியது. ஆனாலும் பழைய பயம் இன்னும் முழுவதும் தீர்ந்தபாடில்லை.

காரணம் என்ன என்ற இந்தச் சண்டையின் இரைச்சலில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போகிறது. பிறந்து, வளர்ந்து, கண்ணெதிரே நிற்கிற பிள்ளையை நாளைக் காலையில் எப்படிக் கவனிப்பது என்பதே அந்தக் கேள்வி. பெற்றோர்க்கு வேண்டியது அதற்கான விடைதான்.

காரணமா, கவனிப்பா?

பிரிட்டனில் ஆட்டிசம் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் எங்கே போகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 56 பங்கு மூளை, மனம் முதலியவற்றை ஆராயும் அடிப்படை விஞ்ஞானத்துக்குப் போயிற்று. பள்ளி, வேலை, வீட்டு உதவி போன்ற அன்றாட வாழ்க்கை விஷயங்களுக்கு மிகச் சொற்பமே கிடைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கேட்டபோதோ, தங்கள் அன்றாட வாழ்க்கைக்கு உதவும் ஆராய்ச்சியே வேண்டும் என்றார்கள்.

2021 டிசம்பரில் இதே 'லான்செட்' பத்திரிகை அமைத்த சர்வதேசக் குழு ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் குறைந்தது 7 கோடியே 80 லட்சம் பேருக்கு ஆட்டிசம் உண்டு என்று அது மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த உதவியும் எட்டவில்லை என்றும், இப்போதே பயன்படக்கூடிய கவனிப்பு முறைகளை ஆராய்ந்து பரப்புவதுதான் அவசரக் காரியம் என்றும் அக்குழு வற்புறுத்தியது. கோவாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் அந்தக் குழுவில் இடம் பெற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கவனிப்பு பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சி அளவில் சிறியதுதான். ஆனால் அதில் ஒரு பகுதி, வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது. வீட்டில் எந்த மொழியில் பேசுவது என்பதைப் பற்றிய ஆராய்ச்சி அது.

தாராவியில் ஒரு வீடு

தாராவியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். கணவன் திருநெல்வேலிச் சீமைக்காரர். தோல் பட்டறையில் வேலை. மனைவி கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள். ஒரே அறை. பையனுக்கு மூன்று வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். ஓடுகிற மின்விசிறியை மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பான். இரண்டொரு வார்த்தை வந்தது, அதுவும் நின்றுவிட்டது.

ஊரிலிருந்து பாட்டி டெலிபோனில் ஆறுதல் சொல்கிறாள்: "ஆம்பிளைப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாத்தான் வரும். அவங்க அப்பாவும் அப்படித்தான்." இந்த ஆறுதலில் ஓராண்டு போய்விடுகிறது. பிறகு ஆஸ்பத்திரி, சீட்டு, வரிசை, பரிசோதனை. ஆட்டிசம் என்று சொல்கிறார்கள். அதோடு பல இடங்களில் ஓர் ஆலோசனையும் சேர்ந்து வருகிறது: "வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பால்வாடியில் மராத்தி என்றால் பிள்ளை குழம்பிவிடும். இனிமேல் ஒரே மொழிதான் பேச வேண்டும். பயிற்சி இந்தியில்தான் நடக்கிறது. ஆகவே வீட்டிலும் இந்தியே பேசுங்கள்."

அன்று இரவிலிருந்து அந்த வீட்டில் தமிழ் நின்றுவிடுகிறது. தாய்க்குத் தெரிந்தது காய்கறிக் கடை இந்தி. 'இதர் ஆவ்', 'பைட்டோ', 'கா லோ', 'மத் கரோ' - இவ்வளவுதான். கட்டளை மட்டும் இந்தியில் வரும், கொஞ்சல் வராது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது சொல்ல அவளிடம் இந்தி வார்த்தை இல்லை. தூங்க வைக்கத் தாலாட்டு இல்லை. ஆகவே அவள் பேசுவதைக் குறைத்துக் கொள்கிறாள். பேச்சு வராத பிள்ளையின் காதில் நாள் முழுதும் விழுந்து கொண்டிருந்த பேச்சும் பாதியாகக் குறைந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் டெலிபோனில் முகம் காட்டும் பாட்டியோ, பேரனிடம் எதைப் பேசுவதென்று தெரியாமல் விழிக்கிறாள்.

இந்த ஆலோசனையைக் கூறுபவர்கள் கெட்ட எண்ணத்தில் கூறவில்லை. ஒரு மொழியே வராத பிள்ளைக்கு இரண்டு மொழி பாரம் என்பது பார்த்த மாத்திரத்தில் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இது யூகம். சோதித்துப் பார்த்தபோது இந்த யூகம் நிற்கவில்லை.

ஆராய்ச்சி சொல்வது

கனடாவில் பல நாட்டவரும் குடியேறி வாழ்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறு மொழி என்பது அங்கே சகஜம். 2012-ல் அங்கிருந்து வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்களையும், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு மொழி கேட்டவர்கள் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. சீன மொழியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி அதே ஆண்டு வெளியான மற்றொரு ஆராய்ச்சியின் முடிவும் இதுவே.

அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் விஷயமும் வேறல்ல. டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2005-ல் கனடாவிலிருந்து வந்த ஆராய்ச்சி, இரண்டு மொழியால் அவர்களுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை என்று கூறியது.

அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி 2005-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று அந்தப் பெற்றோருக்கும் நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் மற்றவர்கள் தங்களுக்குள் சொந்த மொழியில்தானே பேசிக் கொள்வார்கள்? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பேசிச் சிரிக்க, அந்தப் பிள்ளை மட்டும் ஒதுங்கி நின்றது. பிறரோடு கலந்து பழகுவதுதான் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதல் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கச் சொன்ன வழியே பிள்ளையை வீட்டுப் பேச்சிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

இந்த ஆராய்ச்சிகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவற்றில் பங்கு பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதல்ல. இரண்டு மொழி பேசினால் ஆட்டிசம் குறைந்துவிடும் என்று எந்த ஆராய்ச்சியும் கூறவில்லை. பேச்சே அறவே வராத பிள்ளைகளைப் பற்றி நடந்த ஆராய்ச்சி இன்னும் குறைவு. இரண்டாவது மொழியால் கெடுதல் இல்லை என்பதுதான் இதுவரை தெரிந்தது. ஆனால் தமிழை விட்டுவிடும்படி ஒரு தாயிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு விடை காண இதுவே போதும். சான்று இல்லாமல் ஒரு வீட்டின் பேச்சை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தாய் மீது சுமத்திய பழி

ஆட்டிசம் என்ற பெயரில் இந்த நிலையை முதன்முதலாக 1943-ல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் விவரித்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழி முழுவதும் தாய் தலையில்தான் விழுந்தது. பாசமில்லாத தாய், பனிக்கட்டி போன்ற தாய், அதனால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் சிலர் எழுதினார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே வைத்தியம் என்றுகூடச் சொன்னார்கள்.

பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய மனோதத்துவ நிபுணர். அவருடைய மகனுக்கே ஆட்டிசம் இருந்தது. தாய் மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை, இது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு என்று அவர் 1964-ல் ஒரு புத்தகத்தில் எடுத்துக் காட்டினார். இன்று விஞ்ஞானிகள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஆனாலும் மாமியார் வீட்டுப் பேச்சில் அந்தப் பழி இன்னும் உயிரோடு இருக்கிறது. "நீ டெலிபோனையே பார்த்துக் கொண்டிருந்தாய், அதனால்தான்" என்கிறார்கள்.

அன்று பழி சுமந்த அதே தாய்தான் கவனிப்பில் முதல் ஆள் என்று இன்றைய ஆராய்ச்சி காட்டுகிறது. தந்தைக்கும் அதில் சம பங்குண்டு.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும்

பிரிட்டனில் 152 சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பிள்ளைக்கு நேரடியாகப் பயிற்சி தருவதற்குப் பதிலாகப் பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை எந்த நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தது, எந்த ஒலி எழுப்பியது, அதற்குப் பெற்றோர் என்ன பதில் தந்தார்கள் என்று கவனிப்பார்கள். 2010-ல் வந்த முதல் முடிவு பிரமாதமாக இல்லை. ஆனால் சுமார் 6 ஆண்டுகள் கழித்து 121 பிள்ளைகளை மறுபடி தேடிப் பிடித்துச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசத்தின் கடுமை குறைந்திருந்தது. இந்த முடிவு 2016-ல் வெளியாயிற்று.

இந்தியாவில் இதை எப்படிச் செய்வது? அங்கே பயிற்சி தந்தவர்கள் பட்டம் பெற்ற பேச்சுப் பயிற்சி நிபுணர்கள். இங்கே அவர்கள் பெரிய நகரங்களில்தான் கிடைப்பார்கள். அங்கும் கூட்டம் நெரியும். ஆகவே கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் வேறு விதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். நிபுணர் அல்லாத உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பினார்கள். 15 நாட்களுக்கு ஒரு தடவையாக 6 மாதத்தில் 12 அமர்வு. 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகள் இதில் பங்கு கொண்டார்கள்.

முடிவு 2016-ல் வெளிவந்தது. பிள்ளையின் போக்கை அனுசரித்துப் பேசும் பழக்கம் பெற்றோரிடம் நன்றாக வளர்ந்திருந்தது. பிள்ளைகள் தாமாகவே முன்வந்து பெற்றோரை நாடுவதும் அதிகரித்தது. ஆனால் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் நேரம் அதிகரிக்கவில்லை, குறைந்தே இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதையும் மறைக்காமல் எழுதினார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. உள்ளூர் ஊழியரே குடும்பத்துக்குப் பயன் தர முடியும் என்பதுதான் அவர்கள் நிரூபித்த விஷயம்.

உலக சுகாதார நிறுவனமும் இதே பாதையில் பெற்றோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறது. 9 குழு வகுப்புகளும், 3 தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பதும் கொண்ட திட்டம் அது. நர்சுகளும் சமூக ஊழியர்களும் நடத்தக்கூடியது. 30-க்கு மேற்பட்ட நாடுகளில் கையாளப்பட்டிருக்கிறது.

இத்திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பிள்ளை ஒரு சத்தம் எழுப்புகிறது; பெற்றோர் அந்தக் கணமே அதற்கு ஏற்ற பதில் தர வேண்டும். யோசித்து, மொழிபெயர்த்துச் சொல்லும் வார்த்தை பிந்திவிடும். நாக்கில் தானாக வருகிற மொழியில்தான் இது முடியும். தாராவித் தாய்க்கு அந்த மொழி தமிழ். ஆகவே பெற்றோர் மூலம் கவனிப்பு என்ற ஆராய்ச்சியும், வீட்டு மொழி பற்றிய ஆராய்ச்சியும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

எண்ணிக்கையில் வராதவர்கள்

நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? 2011 மக்கள் தொகைக் கணக்கில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர் என்று பதிவாயிற்று. அவர்களில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அன்றைய வழக்கப்படி எழுதப்பட்டவர்கள் 15 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆட்டிசத்துக்கு அந்தப் படிவத்தில் தனி இடமே இல்லை.

பல்வல், காங்ரா, டேங்கனால், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள சுமார் 4,000 குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சி 2018-ல் வெளியானது. பார்வை, செவி, பேச்சு, வலிப்பு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என மூளை, நரம்பு வளர்ச்சி சம்பந்தப்பட்ட குறைபாடுகளில் ஏதேனும் ஒன்றாவது உள்ள குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 12 பேர் என்று அது கண்டது. எட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தை! ஒவ்வொரு சாலிலும் ஒரு வீட்டிலாவது இந்தக் கவலை இருக்கும் என்று இதற்குப் பொருள்.

2027 மார்ச் 1-ந் தேதியை அடிப்படையாகக் கொண்டு அடுத்த மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்படும் என்று மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கணக்கெடுக்க வருபவரிடம் "பையன் கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி மழுப்பாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது பெற்றோரின் கடமை. எண்ணிக்கையில் வராத பிள்ளைக்குத் திட்டத்திலும் இடம் வராது.

சட்டம் என்ன தருகிறது?

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் மனவளர்ச்சிக் குறைவு இருந்தது, ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக் கொண்டது. 2016-ம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் அறிவுசார் குறைபாட்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். அமெரிக்காவின் 8 வயதுக் குழந்தைகள் கணக்கில் ஆட்டிசம் உள்ளவர்களில் ஐந்தில் சுமார் இரண்டு பேருக்கு அறிவுசார் குறைபாடும் இருப்பதாகத் தெரிகிறது.

2016-ம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். குறைபாட்டுக்கான தேசிய அடையாள அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும். மும்பையில் வாங்கிய அட்டை திருநெல்வேலியிலும் செல்லும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி வகுப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 சலுகை உண்டு. 2020-ல் கொரோனா காலத்தில் பலருடைய சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னும் சில உண்டு. குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014 ஜூனில் உத்தரவு வந்தது; அதே ஆண்டு நவம்பரில் ஆட்டிசமும் அதில் சேர்க்கப்பட்டது. பெண் ஊழியருக்கு உள்ள 730 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்புக்குச் சாதாரணமாகப் பிள்ளையின் வயது 18-ஐத் தாண்டக் கூடாது. குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த வரம்பு இல்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர் காலமானால், தானாகச் சம்பாதித்து வாழ இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியிருக்கிறது. ஊழியர் இருக்கும்போதே பிள்ளையின் விவரத்தை அலுவலகப் பதிவில் சேர்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

தோல் பட்டறைத் தொழிலாளிக்கும் இட்லி விற்பவருக்கும் இந்தக் கடைசிச் சலுகைகள் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்து வா என்றால், நான்காவது வாரம் நின்றுவிடுவார்கள். பிள்ளை மீது அக்கறை இல்லாததால் அல்ல, அடுப்பு எரிய வேண்டும் என்பதால். கோவாவில் செய்தது போல ஊழியர் வீட்டுக்கு வரும் முறைதான் இவர்களுக்கு ஏற்றது.

அந்த ஊழியர் தமிழ் தெரிந்தவராக இருப்பது முடியாத காரியமல்ல. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்துவிட்டு வேலை தேடும் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குழந்தைகளின் பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றைக் கண்டறிய மத்திய அரசு 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் சோதனைப் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. கண்டுபிடித்து அனுப்பும் அந்தத் திட்டத்தோடு, வீடு தேடி வரும் இந்த ஊழியர்களையும் சேர்த்துவிடலாம். மும்பையின் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா நடத்துவதோடு இந்தக் கோரிக்கையையும் மாநகராட்சி முன் வைத்தால் நல்லது.

பணம் பறிக்கும் வழிகள்

உதவி எட்டாத இடத்தில் ஏமாற்று வந்து உட்காரும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம், ஊசி போட்டால் பேச்சு வரும் என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. தாலிச் செயினை அடகு வைத்தும் சீட்டுப் பணத்தை எடுத்தும் கொடுத்தவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவக் கமிஷனின் ஒழுக்கநெறி வாரியம் 2022 டிசம்பரில் தெளிவாகக் கூறியது. ஆட்டிசத்தைப் போக்கிவிடும் மருந்து எதுவும் கிடையாது. தூக்கமின்மை, வலிப்பு, கடும் கோபம் போன்ற உடனிருக்கும் தொல்லைகளுக்குத்தான் டாக்டர்கள் மருந்து தருகிறார்கள்.

பெற்றோருக்குப் பிறகு

இத்தனைக்கும் அடியில் ஒரு கவலை எல்லாப் பெற்றோரையும் அரிக்கிறது. "எங்கள் காலத்துக்குப் பிறகு யார்?" என்பதே அது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். அதன்பின் அவனுக்குக் காப்பாளர் வேண்டுமானால், 1999-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் தாங்களே காப்பாளர் ஆகலாம், உறவினரையும் நியமிக்கலாம்.

வெளிமாநிலத் தமிழருக்கு அந்த உறவினர் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். சித்தப்பாவோ, அத்தையோ, கூடப் பிறந்தவளோ பிள்ளையை ஏற்றுக் கொள்ளும் நாள் ஒன்று வரலாம். அன்று அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பா பேசுவது புரிய வேண்டாமா? "சாப்பிட்டியா", "வலிக்குதா", "வா, போகலாம்" என்பவை அவன் காதுக்குப் பழகியிருக்க வேண்டாமா? மூன்று வயதில் நிறுத்திய தமிழை நாற்பது வயதில் கற்றுக் கொடுக்க முடியாது. வளர்ந்து பெரியவர்களாகி முதுமையை எட்டும் ஆட்டிசக்காரர்களைப் பற்றிய ஆராய்ச்சி மிகமிகக் குறைவு. ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு ஆராய்ச்சி முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது

ஒரு வயதில் மழலை ஒலியோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது - இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் "தானாக வரும்" என்று காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். மும்பையில் பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிலையம் செவி, பேச்சுக் குறைகளுக்கென்றே 1983-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிலையம் செகந்திராபாத்தில் 1984-ல் அமைந்தது. அதன் கிளை நவி மும்பையில் இருக்கிறது. சிவ்ரியில் உள்ள ஜெய் வகீல் பள்ளி 1944 முதல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே நடந்து வருகிறது.

அங்கெல்லாம் இந்தியிலோ மராத்தியிலோ பயிற்சி தந்தால் தாராளமாக ஏற்றுக் கொள்ளலாம். பிள்ளைக்கு அதுவும் வேண்டியதுதான். கடைக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவன் அவன். பயிற்சியாளர் சொல்லித் தரும் முறையை மட்டும் கவனமாகக் கேட்டு வந்து, வீட்டில் அதைத் தமிழில் செய்ய வேண்டும். வீட்டிலும் தமிழை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால், "அதற்கு என்ன சான்று?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

விசிறியைப் பார்த்துக் கொண்டிருக்கும் பையன் பக்கத்தில் தாயும் உட்காரட்டும். அவன் பார்ப்பதை அவளும் பார்த்து, "சுத்துது... விசிறி சுத்துது" என்று சொல்லட்டும். அவன் பதில் சொல்லாமல் இருக்கலாம். நாளைக்கும் சொல்ல வேண்டும். என்றாவது ஒரு நாள் அவன் விசிறியை விட்டு அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், அன்று வரை பேசியது வீண் போகவில்லை.